நெஞ்சளவுக் குழி

சகலருக்கும், குறிப்பாக எதிரி நாடுகளுக்கும், தெரிவிக்கப்படுவது: பாரத தேசத்தின் படை வரலாற்றில் இதுவரை தோண்டப்படாத ஒரு குழி, ஆவடியில், தொழிற்சாலையின் பின்பக்க மைதானத்தில், வருகிற வெள்ளிக்கிழமை காலை நல்ல நேரத்தில் தோண்டப்படும். டெல்லியிலிருந்து வருகை தரும் பெரியவர் கொடியசைத்துக் குழியைத் தொடங்கி வைப்பார். ஊழியர் அனைவரும் துவைத்த சீருடையில் வந்து வரலாற்றுக்குச் சாட்சியாக நிற்கவும். கேன்டீனில் அன்று கேசரி உண்டு.

கடைசி வரி அசல் அறிவிப்பில் கிடையாது. பலகையில் ஒட்டிய பிறகு யாரோ பென்சிலால் சேர்த்தது. அந்த நீண்ட காகிதத்தில் தொழிலாளர்கள் நம்பியது அந்த ஒரு வரியைத்தான்.

குழி என்றால் வாழைக்கன்று வைக்கிற குழி இல்லை. போர்முனையில் ஒரு சிப்பாய் உள்ளே இறங்கி நின்றால் மண் அவனை நெஞ்சுவரை மறைக்க வேண்டும். தலையும் துப்பாக்கியும் மட்டும் வெளியே தெரியலாம். இத்தனை காலமும் அதைச் சிப்பாயே மண்வெட்டியும் கடப்பாரையுமாகத் தோண்டிக்கொண்டிருந்தான். இனி வண்டி தோண்டும். டாங்கியைப் போல இரும்புப் பட்டையில் ஊர்ந்து போகிற வண்டி. அதன் பின்பக்கம் ஆளுயரத்துக்கு ஒரு சக்கரம், சக்கரத்தைச் சுற்றி இரும்புப் பற்கள். டெல்லியில் ஒரு கமிட்டி கூடி, சமஸ்கிருத அகராதியைப் புரட்டி, அதற்கு 'தரா விதாரக்' என்று பெயர் சூட்டியது. ஆவடியில் அந்தப் பெயரைச் சொல்லிப் பார்த்தவர்கள் நாக்கைக் கடித்துக்கொண்டு, 'பெருச்சாளி' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். வண்டி இரண்டுக்கும் திரும்பவில்லை.

பெருச்சாளியைப் பொருத்தி முடித்த பிரிவுக்கு மேலாளர் கோவிந்தராஜ். தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸிலேயே பாதி ஆயுளைக் கழித்தவர். குனியச் சொன்னால் படுத்துவிடுகிற ரகம் இல்லை; குனிய மாட்டேன் என்று சொன்னதும் இல்லை. அவருக்கு இந்த வண்டி மேலே போயாக வேண்டும். மேலே என்றால் வடக்கே, மலையில். அங்கேதான் அவர் மகன் கார்த்திகேசன் இருந்தான்.

கார்த்திகேசனோடு ஒரே நாளில் படையில் சேர்ந்தவன் கொரட்டூர் அசோக். ஏரிக்கரைத் தெருவில் அவன் வீடு. மலையில் இரண்டு பேருக்கும் ஒரே காவல் முனை. போன குளிர்காலத்தில் எல்லைக்கு அப்பாலிருந்து ஒரு ஷெல் வந்து விழுந்தபோது அசோக் தன் குழிக்குள்தான் இருந்தான். குழி முழங்கால் மூட்டளவு. மூட்டளவுக் குழியில் ஒருவன் படுத்துக்கொள்ளலாமே தவிர ஒளிந்துகொள்ள முடியாது. உடல் கொரட்டூருக்கு வந்த அன்று கோவிந்தராஜும் மனைவி வனஜாவும் போயிருந்தார்கள். மைக் பிடித்தவர்கள் எல்லாரும் அசோக்கின் நெஞ்சுறுதியைப் பற்றிப் பேசினார்கள். குழியின் ஆழத்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

மலையிலிருந்து போன் வருவது அபூர்வம். வந்தால் பேச்சு குழியில் போய்தான் விழும்.

"குளிரு எப்படிடா கீது?"

"அது பாட்டுக்குக் கீது நைனா. கொழிதான் எறங்க மாட்டேங்குது. மூட்டு வரிக்கும் போவுது, அதுக்குக் கீழ கல்லு. கடப்பாரைய போட்டா கைதான் அதிருது."

"வண்டி வருதுடா."

"இதையேதான் போன தபாவும் சொன்ன."

"இந்த தபா நெசம். பெரியவரு வந்து பாக்கறாரு. அவரு சரின்னு ஒரு வார்த்தை சொன்னா, ரெண்டு வண்டிய நேரா உங்க முனைக்கு அனுப்பறாங்க."

"பனி கொட்றதுக்குள்ள வரணும். கொட்டிச்சின்னா பாதைய மூடிருவாங்க. அப்பால அடுத்த வருசந்தான்."

"தெரியும்டா."

"அம்மா கைல சொல்லாத, கொழி மேட்டரு."

வனஜா பக்கத்தில்தான் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். போன் ஸ்பீக்கரில் போட்டிருந்தது. அவள் நிமிராமல் கீரையை ஆய்ந்தாள்.

வெள்ளிக்கிழமைக்கான ஆலோசனைக் கூட்டம் பொது மேலாளர் பார்த்தசாரதியின் அறையில் நடந்தது. கூட்டத்தின் பெரும்பகுதி கம்பளத்தின் நிறத்துக்குப் போனது. சிவப்பு என்றால் கல்யாண மண்டபம் மாதிரி இருக்கும், பச்சை என்றால் புல்லோடு கலந்து பெரியவர் தடுக்கி விழலாம். அப்புறம் பொன்னாடையா, சந்தன மாலையா. தோட்ட மேற்பார்வையாளர் கஜபதி, மைதானத்து ஓரக் கற்களுக்கு எல்லாம் சுண்ணாம்பும் காவியும் மாறிமாறி அடித்துவிட்டதாக அறிவித்தார். எல்லாம் முடிந்து எழுந்திருக்கும்போது பார்த்தசாரதிக்கு வண்டி நினைவுக்கு வந்தது.

"குழி நல்லா வருமில்ல, கோவிந்தராஜ்?"

"வரும் சார்" என்று அவர் சொல்லியிருந்தால் இந்தக் கதை இத்தோடு முடிந்திருக்கும். பெருச்சாளி அதே மைதானத்தின் கட்டாந்தரையைச் சோதனையில் பலமுறை தோண்டியிருந்தது. ஒரே ஒரு முறை ஒரு பல் உடைந்தது. மாற்றினார்கள், மறுபடி தோண்டியது. ஆனால் கோவிந்தராஜின் காதில் அந்த ஒரு பல் உடைந்த சத்தம் மட்டும் தங்கிவிட்டது. பெரியவர் முன்னால் அந்தச் சத்தம் கேட்டால் பெரியவர் காருக்குத் திரும்பிவிடுவார், கார்த்திகேசன் மூட்டளவில் இன்னொரு குளிர்காலம் படுத்துக் கிடப்பான்.

"மண்ணை முன்கூட்டியே கொஞ்சம் இளக்கி வெச்சிட்டா பல் உடையாது சார்" என்றார்.

அறையில் யாரும் ஆச்சரியப்படவில்லை. பெரியவர்கள் வருகிறார்கள் என்றால் எதையும் ஒருமுறை முன்னாலேயே செய்து வைத்துவிடுவது அந்தத் தொழிற்சாலையின் தர்மம். பெரியவர் நடவேண்டிய மரக்கன்றை முந்தின வாரமே நட்டு, பிழைக்கிறதா என்று பார்த்து, பிடுங்கி வைத்திருப்பார்கள். அவர் வெட்ட வேண்டிய ரிப்பனை அதே கத்திரியால் வெட்டிப் பார்த்திருப்பார்கள். ஆகவே அவர் பார்க்க வேண்டிய குழியையும் முன்னாலேயே தோண்டி மூடி வைப்பதில் என்ன தப்பு. பார்த்தசாரதி முகம் மலர்ந்து, இதற்கு 'நிலத்தைப் பக்குவப்படுத்தல்' என்று பெயரும் கொடுத்தார். பெயர் கிடைத்துவிட்டால் எந்தக் காரியமும் பாவமில்லை.

குழி தோண்டும் ராணுவ வண்டிக்குக் குழி தோண்டித் தர, பூந்தமல்லியிலிருந்து ஒரு ஜேசிபி வாடகைக்கு வந்தது. ஓட்டியவன் சமீர். அதன் மஞ்சள் கை இறங்கி ஏறுவதை, கையைக் கட்டிக்கொண்டு ஹபிபுல்லா பார்த்தார். பெருச்சாளியைச் சோதனை நாளிலிருந்து ஓட்டுகிறவர் அவர்தான். அவருக்கும் வீடு பூந்தமல்லி. கார்த்திகேசனுக்கு டிரைவிங் கற்றுக்கொடுத்தவரும் அவரே.

"இன்னா அண்ணாத்தே இது? பல்லு மொளைச்ச மாப்ளைக்குக் கறிய மென்னு ஊட்டற கதையா கீது."

"மண்ண கொஞ்சம் பொலபொலன்னு பண்றோம். அவ்ளோதான் ஹபிபு."

"கட்டாந்தரையிலயே தோண்டிக் காட்டனேன். நீதான் பக்கத்துல நின்னுக்கினு இருந்த."

"பல்லு ஒடஞ்சிதே."

"ஒண்ணு. ஒனக்கு எத்தினி பல்லு போச்சு, சோறு துன்னாமயா கீற?"

கோவிந்தராஜ் சிரிக்கவில்லை. ஹபிபுல்லாவும் சிரிப்பை எதிர்பார்த்துச் சொன்னதாகத் தெரியவில்லை.

"கார்த்தி மேல கீறான்னுதான் இப்படிப் பண்றே. புரியுது. ஆனா மேல எவன் போயி முன்னாடியே பொலபொலன்னு பண்ணித் தருவான்?"

"மொதல்ல வண்டி மேல போவட்டும். அங்க போனா அது தோண்டும். எனக்குத் தெரியும்."

"ஒனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். இங்கயும் தோண்டும்னு மட்டும் ஒனக்குத் தெரியல."

சமீர் வேலையில் சுத்தமானவன். கொஞ்சம் இளக்கு என்று சொன்னதை அவன் மரியாதைக் குறைவாக எடுத்துக்கொண்டான். ராணுவ வேலை என்று கேள்விப்பட்டதும் தேசப்பற்று வேறு. நாலு யானை படுக்கலாம் போல ஆழமாகத் தோண்டி, கட்டி ஒன்று விடாமல் உடைத்து, மறுபடி கொட்டி மூடினான். அதன்மேல் ரோலர் ஓடியது. ரோலர் மேல் புல் பத்தைகள் பதித்தார்கள். கஜபதி ஆட்கள் அதைச் சுற்றிச் சுண்ணாம்புக் கோடு போட்டார்கள். தரை எப்போதும் அப்படியே இருந்தது போல் இருந்தது. அந்தத் தொழிற்சாலையில் எதைப் பார்த்தாலும் அப்படித்தான் இருக்கும்.

பெரியவருக்கு அந்த வெள்ளிக்கிழமை வேறெங்கோ ஒரு பாலத்தைத் திறக்க வேண்டியிருந்தது. நிகழ்ச்சியை அடுத்த வெள்ளிக்குத் தள்ளினார்கள். இடையில் மழை பிடித்துக்கொண்டது. கொரட்டூர் ஏரி கரை தொட்டது, திருவேற்காட்டில் ஷேர் ஆட்டோக்கள் படகாயின, குவார்ட்டர்ஸ் வாசலில் தவளை கத்தியது. மழை விட்ட அன்று கோவிந்தராஜ் மைதானத்துக்குப் போனார். சுற்றிலும் கட்டாந்தரை ஈரம் துடைத்த சிமென்ட் மாதிரி இறுகிக் கிடந்தது. சுண்ணாம்புக் கோட்டுக்குள் புல் பச்சைப்பசேல் என்றிருந்தது. குடையின் முனையை அதில் வைத்து லேசாக அழுத்தினார். தயிரில் கரண்டி இறங்குவது போலக் குடை பிடிவரை இறங்கிற்று. வெளியே இழுத்தபோது பிடி மட்டும் கையோடு வந்தது. கம்பி உள்ளேயே நின்றுவிட்டது.

பார்த்தசாரதியிடம் ஓடினார்.

"கொஞ்சம் தள்ளி, பழைய தரையில தோண்டிக்கலாம் சார்."

"பந்தல் போட்டாச்சு கோவிந்தராஜ். சோபா போட்டாச்சு. சோபா எந்தப் பக்கம் பார்த்திருக்கோ அந்தப் பக்கம்தான் குழி."

"சோபாவைத் திருப்பிக்கலாமே சார்."

"சூரியன் பெரியவர் முகத்துல அடிக்கும்." பார்த்தசாரதி கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "அது சரி, அங்கே தோண்டினா பல் உடையும்னு சொன்னது யாரு? நீங்கதானே?"

அவர்தான்.

வீட்டில் வனஜா சோறு போடும்போது சொன்னாள்: "அசோக்கோட அம்மா போன் பண்ணிச்சு. வண்டி எப்போ போவுதுன்னு கேட்டுச்சு."

"நீ இன்னா சொன்ன?"

"வெள்ளிக்கெயம போயிரும்னு சொல்லிட்டேன். எம்புள்ளைக்குத்தான் குடுத்து வெக்கல, உம்புள்ளைக்காவது வரட்டும்னு சொல்லிச்சு." சாதத்தின் மேல் குழம்பை ஊற்றினாள். "போயிரும் இல்ல?"

"போயிரும்."

இரண்டு நாள் நல்ல வெயில் அடித்தது. மேல்மண் காய்ந்து வெளுத்தது. கோவிந்தராஜ் தினமும் காலையில் போய்ப் பார்த்தார். காலை வைத்தால் தடம் விழவில்லை. குடையை மறுபடி குத்திப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை. வேறு குடையும் இல்லை.

வெள்ளிக்கிழமை காலை பெருச்சாளிக்குச் சந்தனப் பொட்டு வைத்து, சாமந்தி மாலை சாத்தி, பட்டைகளுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். பூமியைக் குடையப் போகிற வண்டி என்பதால் ஐயர் பூமாதேவியிடம் முன்மன்னிப்புக் கேட்டார். சங்கு ஊதியது. ஹபிபுல்லா ஓட்டுநர் மூடியைத் திறந்து உள்ளே இறங்கும் முன் கோவிந்தராஜைக் கண்ணால் கூப்பிட்டார்.

"இப்ப சொல்லு அண்ணாத்தே. கோட்டுக்குள்ளயா, இந்தாண்ட கட்டாந்தரையிலயா? லைட்டா திருப்பிட்டேன்னு வெச்சிக்கோ, எவன் கேக்கப் போறான்? சோபாவத் திருப்பத் தெரியாதவன் கழுத்தத் திருப்ப மாட்டானா?"

கோவிந்தராஜ் இரண்டு தரையையும் பார்த்தார். ஒன்று அவருக்குத் தெரிந்த தரை. அதில் பல் உடையலாம், உடையாமலும் போகலாம். இன்னொன்று அவரே செய்து வைத்த தரை. அன்று உடைந்த பல் மறுபடி அவர் காதில் உடைந்தது.

"கோட்டுக்குள்ளயே தோண்டு ஹபிபு."

ஹபிபுல்லா அவரை ஒரு கணம் பார்த்தார். "சரி" என்று மட்டும் சொல்லி மூடியைச் சாத்திக்கொண்டார்.

பெரியவர் வந்தார். தேசத்தின் ஒவ்வொரு பிடி மண்ணும் புனிதமானது என்று பேசினார். அந்த மண்ணை விநாடியில் அள்ளி எறியப் போகும் வீர வாகனத்தைப் பாராட்டினார். கொடி அசைந்தது. எலுமிச்சம்பழங்கள் நசுங்கின. பெருச்சாளி சுண்ணாம்புக் கோட்டுக்குள் ஊர்ந்தது, மேல்மண் தாங்கியது, கோவிந்தராஜ் மூச்சு விட்டார். பின்சக்கரம் இறங்கிச் சுழன்றது. மண் வெண்ணெயாக வெட்டுப்பட்டு இருபுறமும் பறந்தது. பந்தல் கைதட்டியது.

அதன்பின் வண்டியின் பின்பக்கம் கொஞ்சம் தாழ்ந்தது. பிறகு இன்னும் கொஞ்சம். அவசரமே இல்லாமல், ஒரு கனத்த மனிதர் பழைய நாற்காலியில் அமர்வது போல, பெருச்சாளி பின்பக்கமாக மண்ணுக்குள் அமர்ந்தது. முன்பக்கம் சந்தனப் பொட்டோடு வானத்தைப் பார்த்து எழுந்தது. மாலை நழுவி விழுந்தது. பட்டைகள் சுற்றச்சுற்ற வண்டி இறங்கியதே தவிர நகரவில்லை. கடைசியில் முழு வண்டியும் கோட்டுக்குள் போய்விட்டது, பொட்டு மட்டும் தெரிந்தது.

பெரியவர் எழுந்து நின்று கைதட்டினார். வண்டி தானே பதுங்கிக்கொள்ளும் என்று தன்னிடம் யாரும் சொல்லவில்லையே என்று இந்தியில் வியந்தார். அவர் தட்டியதால் எல்லாரும் தட்டினார்கள். பார்த்தசாரதி எல்லாரையும்விட அதிகமாகத் தட்டினார். மூடி திறந்து ஹபிபுல்லா சேறு வழிய மேலே ஏறி நின்றார். பெரியவரையோ பார்த்தசாரதியையோ அவர் பார்க்கவில்லை. கோவிந்தராஜை மட்டும் பார்த்தார்.

இப்போது வெளியே வரச் சொல்லுங்கள் என்றார் பெரியவர்.

கைதட்டல் நின்றது. பின்வரிசையில் ஒருவர் மட்டும், விஷயம் புரியாமல், கொஞ்சம் தட்டிவிட்டு நிறுத்தினார். ஐயர் மெதுவாகத் தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்தார். பெரியவர் சற்றுக் காத்திருந்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார், ஆய்வு செய்து முடிவெடுக்கலாம் என்று சொன்னார். கார்கள் கிளம்பின. சரி என்ற ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை.

கிரேன் வந்தது. இளகிய மண்ணின் ஓரத்தில் அதன் சக்கரமும் லேசாக இறங்க, பின்வாங்கிப் போய்விட்டது. கடைசியில் கான்ட்ராக்ட் ஆட்கள் மண்வெட்டியும் கூடையுமாக வந்தார்கள். ஆணும் பெண்ணுமாக வண்டியைச் சுற்றி இறங்கித் தோண்டினார்கள். கோவிந்தராஜ் ஷூவைக் கழற்றிவிட்டு ஒரு மண்வெட்டியை வாங்கிக்கொண்டார். யாரும் தடுக்கவில்லை. ஹபிபுல்லா பக்கத்தில் நின்று கூடை தூக்கினார்.

வெயில் சாயும்போது வண்டியின் பக்கங்கள் வெளியே தெரிந்தன. கூடையை வைத்துவிட்டு ஆட்கள் டீக்குப் போனார்கள். கேன்டீன் கேசரியும் வந்திருந்தது. அறிவிப்பில் பலித்தது அது ஒன்றுதான். கோவிந்தராஜ் மட்டும் குழியிலேயே நின்றார். நிமிர்ந்து பார்த்தார். மண்விளிம்பு அவர் நெஞ்சுக்குச் சரியாக இருந்தது. தலை மட்டும் வெளியே. ஊதற்காற்று மேலே போனது, அவர்மேல் படவில்லை. எங்கிருந்து எது வந்து விழுந்தாலும் தலைக்கு மேலே போய்விடும் போலிருந்தது. ஒரு ஆளுக்கு இவ்வளவுதான் வேண்டியிருந்தது.

சட்டைப்பையில் போன் அதிர்ந்தது.

"நைனா, இன்னா சொன்னாரு பெரியவரு?"

"இன்னும் சொல்லலடா. பாத்துக்கினு கீறாங்க."

"எங்க கீற நீ? காத்து சத்தமே காணோம்."

"கொழியில கீறேன்."

"நம்ம வண்டி தோண்டுன கொழியா?"

கோவிந்தராஜ் சேற்றில் புதைந்த தன் காலைப் பார்த்தார்.

"ஆழம் எப்படி?" என்றான் கார்த்திகேசன்.

"நெஞ்சு வரிக்கும் கீதுடா."

அவன் குரல் சிறுபிள்ளையாக இருந்தபோது எப்படி இருந்ததோ அப்படி வந்தது. "அது போதும் நைனா. பசங்க கைல சொல்றேன்." கோவிந்தராஜ் வாயைத் திறப்பதற்குள் லைன் போய்விட்டது.

மறுநாள் தொழிற்சாலை வெளியிட்ட செய்திக்குறிப்பில், தரா விதாரக் குறுகிய நேரத்தில் மண்ணைத் தோண்டியதோடு தன்னையும் முழுமையாக மறைத்துக்கொள்ளும் அரிய திறனை வெளிப்படுத்தியதாக இருந்தது. அந்தத் திறனை ஆராய டெல்லியில் ஒரு கமிட்டி போட்டார்கள். குழியை மூட வேண்டாம் என்று உத்தரவு வந்தது. கஜபதி அதைச் சுற்றி சங்கிலி கட்டி, கற்களுக்குச் சுண்ணாம்பும் காவியும் அடித்து, பித்தளைப் பலகை ஒன்றையும் நட்டார். வருகிற விருந்தினர்களுக்கு எல்லாம் அதைக் காட்டுகிறார்கள்.

பனி விழுந்து பாதையை மூடிவிட்டார்கள். மலையில் குழி மூட்டளவுதான்.